கிண்ணத்தில் வெட்டிய பெயர்

புதுப்பட்டினம்,
3 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ரூத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் வீட்டில் யாவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து, அணுபுரம் குடியிருப்பின் தோட்ட வேலைக்கு மறுபடியும் போகத் தொடங்கிவிட்டார். அம்மா சுகம். உன் உடல்நிலையையும் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்பதையும் எழுது.

தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டுத் தொலைபேசி எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. நீ பேசுவது அம்மாவுக்கும், அம்மா வழியாகத் தெருவுக்கும் போய்ச் சேர்கிறது. தவிர, வாயால் பேசினால் நாம் இருவரும் சீக்கிரமே சண்டைக்கு வந்துவிடுகிறோம். வாழ்க்கையைப் பற்றிய ஒரு தீர்மானம் எழுத்தில் இருப்பது நல்லது.

செவிலியர் பட்டம் பெற்ற உனக்குத் திறந்திருக்கும் வழிகள் என்று நான் கருதுபவை இவை. அரசுத் தேர்வு எழுதிக் காத்திருப்பது. வெளிநாட்டு மொழி படித்து விமானம் ஏறுவது. நம் ஊரிலேயே டாக்டர் காசிநாதன் நடத்தும் கிளினிக்கில் சேர்வது. கடைசியாகச் சொன்னதே என் பரிந்துரை. பகல் வேலை, சர்க்கரையும் காய்ச்சலும், மாலையில் வீடு. மே மாத முடிவு வரை அந்த இடத்தை உனக்காக வைத்திருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீ ஆசைப்படும் பச்சிளங்குழந்தைப் பிரிவை நான் இதில் சேர்க்கவில்லை. அங்கே சிறு பிழைக்கும் பெரிய விளைவு உண்டு. விளைவு வந்தால், முதலில் விசாரிக்கப்படுவது கடைசியாகச் சேர்ந்த செவிலி. திருக்கழுக்குன்றம் நீதிமன்றத்தில் வக்கீலாக இத்தனை ஆண்டுகள் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உன் காரணங்களை எழுது.

உன் அண்ணன்,
ஜெபசிங்

*

செங்கல்பட்டு,
12 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். விடுதியில் சாம்பாரைத் தவிர எனக்கு விரோதிகள் இல்லை. அப்பாவைத் தைலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் முழங்கால் பட்டையும் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் கணக்கில் சேர்க்காத பிரிவில் நான் திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். உங்கள் கடிதம் வருமுன்பே ஆணை வந்துவிட்டது. அறக்கட்டளை மருத்துவமனைதான்; ஆறு மாதம் தகுதிகாண் காலம். வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை கழுவி, உலர்ந்த பின்தான் குழந்தையைத் தொடலாம்.

காரணம் கேட்டீர்கள். பெரியவர்கள் வார்டில் எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொல்வார். இங்கே யாரும் சொல்வதில்லை. தோலின் நிறம், மூக்கு விடைப்பது, கால்விரலின் சூடு இவற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பார்க்க வருகிறது அண்ணா. பயிற்சிக் காலத்திலேயே அது தெரிந்துவிட்டது. உங்களுக்குப் பிடித்த மாதிரி சொல்வதானால், இங்கே சாட்சிகள் பேசமாட்டார்கள்; தடயம் மட்டும்தான்.

பிரிவின் பொறுப்பாளர் ஜெனிட்டா சிஸ்டர் முதல் நாள் சொன்னது: "அழுவுற கொயந்தைய பாத்து பயப்படாத. அழுவாம கீற கொயந்தைய பாரு."

அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரூத்

*

புதுப்பட்டினம்,
2 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

சேர்ந்துவிட்ட பின் வாதம் செய்வதில் பயனில்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். செய்ததை உடனே குறிப்பில் எழுது. செய்யாததை எந்த வற்புறுத்தலிலும் எழுதாதே. உனக்குக் கற்றுத்தராத வேலையை "பார்த்துச் செய்" என்று யாராவது சொன்னால், தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே.

டாக்டர் காசிநாதனிடம் நீ வரமாட்டாய் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

ஜெபசிங்

*

செங்கல்பட்டு,
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். ஈஸ்டருக்கு வர முடியாமல் போனதில் அம்மாவுக்கு இருக்கும் கோபம் தணிந்ததா?

ஒரு நல்ல செய்தி. பச்சிளங்குழந்தைச் செவிலியத்துக்கென்று தனியாக ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. அதை முடித்தால் என்னை யாரும் வார்டு வார்டாக மாற்ற முடியாது; இதுவே என் துறையாகிவிடும். சேர்வதற்கு நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் பரிந்துரை வேண்டும். தகுதிகாண் காலம் முடிந்ததும் தருவதாக நிர்வாக அலுவலர் ராகவன் சார் சொல்லியிருக்கிறார்.

இப்போது என் பொறுப்பில் இருக்கும் குழந்தைகளில் இருவரைப் பற்றி எழுதுகிறேன். இருவரும் குறைமாதம். இன்னும் மார்பில் உறிஞ்சிக் குடிக்கத் தெரியாததால், தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையால் புகட்டுகிறோம். ஒருவன் தமிழ்ச்செல்வியின் மகன். அவளுடைய கணவர் மணிக்குச் சொந்தமாக லாரிகள் ஓடுகின்றன. ஊருக்குள் நிலமுள்ள குடும்பம். இன்னொருத்தி வேண்டாவின் மகள். வேண்டா நம்மைப் போல் காலனிக்காரி. மாமல்லபுரம் பக்கம் வீடு. காலணிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். தன் மகளுக்கு மட்டும் நல்ல பெயராக ஐந்தாறு யோசித்து வைத்திருக்கிறாள்.

தாய்மார் அறையில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். தமிழ்ச்செல்வியின் மாமியார் எல்லம்மாள், மருமகளுக்குக் காற்று வேண்டுமென்று கட்டிலை ஜன்னலோரம் மாற்றச் சொல்லி மாற்றிக்கொண்டார். அந்த ஜன்னல் ஏ.சி.க்காக நிரந்தரமாக மூடப்பட்டது. எங்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பதில் எழுதுங்கள்.

ரூத்

*

செங்கல்பட்டு,
9 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முந்தைய கடிதத்துக்குப் பதில் இல்லை. கோடை விடுமுறைக்கு முன் நீதிமன்றத்தில் வேலை மிகுதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஒரு பிழை செய்துவிட்டேன்.

பால் கொண்டுவரும் கிண்ணத்தில் தாயின் பெயரும் எண்ணும் எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருக்க வேண்டும். மருத்துவமனைக் கிண்ணங்கள் போதாதபோது தாய்மாரின் சொந்தக் கிண்ணங்களைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துவோம். செவ்வாயன்று மதியம் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபோது ஒரு கிண்ணத்தின் பிளாஸ்திரி ஈரத்தில் கழன்று விழுந்திருந்தது. அது எவர்சில்வர் கிண்ணம். பக்கத்தில் "தமிழ்ச்செல்வி" என்று பெயர் வெட்டியிருந்தது. எண் இல்லாத பாலைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. பெயர்தான் இருக்கிறதே என்று, தமிழ்ச்செல்வியின் சொந்தக் கிண்ணம் இன்னும் வராததைக் கவனிக்காமல், அவள் மகனுக்குப் புகட்டிவிட்டேன். வேண்டா பால் கொடுத்தனுப்பவில்லை என்று நினைத்து, பிரிவின் டாக்டரம்மாவிடம் கேட்டு அவள் மகளுக்குப் பவுடர் பால் கொடுத்தேன்.

சற்று நேரத்தில் வேண்டா வந்து கிண்ணத்தைக் கேட்டாள். "இது தமிழ்ச்செல்வியுது இல்லியா?" என்றேன். "என்துதான் சிஸ்டர். கம்பெனில கூட வேல செஞ்ச தமிழ்ச்செல்வி, கல்யாணத்துக்கு குட்த்தா" என்றாள். அண்ணா, கல்யாணப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

அவளிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே ஜெனிட்டா சிஸ்டரிடமும் டாக்டரம்மாவிடமும் சொன்னேன். வேண்டாவின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சுத்தம். பையனுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்றார் டாக்டரம்மா. இரு தாய்மாருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது முறை. அதை ராகவன் சார் தடுத்துவிட்டார். "அந்த வூட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சா இன்னா ஆகும்னு உனுக்கே தெரியும். வாய மூடிகினு இரு, உன் பரிந்துரை தானா வரும்" என்றார்.

நான் என்ன செய்ய வேண்டும்?

ரூத்

*

புதுப்பட்டினம்,
13 மே 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. நன்றாகச் சாப்பிடு, தூங்கு.

நிலைமையை வரிசையாகப் பார்ப்போம். பிழை நடந்த உடனே மேலதிகாரியிடமும் மருத்துவரிடமும் நீ தெரிவித்திருக்கிறாய். அதனால் உன் கடமையின் பெரும்பகுதி நிறைவேறிவிட்டது. குழந்தைக்குத் தீங்கில்லை என்பதை மருத்துவரே உறுதிசெய்திருக்கிறார். குடும்பத்தாருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு மருத்துவமனையைச் சேர்ந்தது. நிர்வாகம் அதைச் செய்யாவிட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நிர்வாகமே. அவர்களை மீறி நீ தனியாகத் தெரிவித்தால், தகுதிகாண் காலத்தில் இருப்பவளுக்குக் காரணம் காட்டாமலே வேலை போகலாம், பரிந்துரையும் போகும். அந்தக் குடும்பத்தார் புகார் கொடுத்தால், அதில் உன் பெயர் மட்டுமே இருக்கும். அவர்கள் இதை எந்த விதமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

எனவே, கேட்டால் பொய் சொல்லாதே, கேட்காதபோது பேசாதே. எழுத்தில் எதையும் கொடுக்காதே. இந்தக் கடிதத்தையும் படித்த பின் கிழித்துவிடு.

காசிநாதன் கிளினிக்கில் இடம் இன்னும் இருக்கிறது.

ஜெபசிங்

*

செங்கல்பட்டு,
18 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் கடிதத்தை மறுபடியும் மறுபடியும் படித்தேன். எதையும் மறுக்க முடியவில்லை. அதில் நான் இருக்கிறேன், மருத்துவமனை இருக்கிறது, தமிழ்ச்செல்வியின் குடும்பம் இருக்கிறது. அந்தப் பால் யாருடையதோ, அவள் இல்லை. ராகவன் சார் பேச்சிலும் இல்லை. நானும் என் கடிதத்தில் அவள் இரத்தம் சுத்தம் என்பதோடு அவளை விட்டுவிட்டேன்.

வேண்டாவுக்குப் பால் சுரப்பதே கொஞ்சம். ஒரு பாலாடை நிறைவதற்கு அவள் வெகுநேரம் உட்கார்ந்து பீய்ச்சுவதை நான் தினமும் பார்க்கிறேன். அவள் மகளுக்கு அன்று கிடைத்தது பவுடர் பால்.

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். முதலில் அவள் கேட்டது, "அப்ப என் பொண்ணு அன்னிக்கு இன்னா குடிச்சுது?" என்பதுதான். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கொஞ்சம் கழித்து, "அந்தப் பையன் கக்கலியே?" என்றாள். இல்லை என்றேன்.

தமிழ்ச்செல்விக்கும் தெரிய வேண்டும் என்றும், ஆனால் பேச்சு அவள் மேல்தான் வந்து விழும் என்பதால் அவள் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன்.

"நான் யோசிச்சு சொல்றன். அதுவரிக்கும் யாரும் பேசாதீங்க" என்றாள். காத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அது சரியான கடிதம்.

ரூத்

*

புதுப்பட்டினம்,
27 மே 2025

அன்புத் தங்கைக்கு,

அம்மா, அப்பா நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

வெட்டிய பெயரைப் பார்த்து ஒரு படித்த செவிலி எப்படி ஏமாறலாம் என்ற கேள்வி என்னைத் தொந்தரவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அம்மாவின் சமையலறைப் பாத்திரங்களை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். "இன்னாடா, ஜப்திக்கு வந்த மாதிரி பாக்குற?" என்று அம்மா கேட்டார். சதுரங்கப்பட்டினம் அத்தை, சபை மாதர் சங்கம், தாவீது மாமா, என் சீனியர் வக்கீல். அம்மாவின் பெயர் ஒன்றிலும் இல்லை. விளிம்பு நசுங்கிய என் காபி டம்ளரில் "செ. செங்கல்வராயன்" என்று இருந்தது. பள்ளிக்கூட நாள் முதல் நான் அதில் குடித்து வருகிறேன். ஒரு நாளும் வாசித்ததில்லை.

நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் வந்திருந்தாரா என்று அம்மாவிடம் கேட்டேன். அப்பா முன்பு வேலை செய்த நிலத்தின் சொந்தக்காரர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தாமல் சொன்னார்: "அவங்க வூட்டு மாட்டுக் கொட்டாயில நமக்குன்னு மாட்டி வச்சிருந்த டம்ளருடா அது. வேலைய வுட்டு நின்ன அன்னிக்கி உங்கப்பா எட்துகினு வந்துட்டாரு. நம்ம வாய் பட்டத அவங்க இன்னா பண்ணப் போறாங்க?" இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றேன். "ஓட்டையா கீது?" என்றார்.

நான் 13-ஆம் தேதி எழுதிய சட்ட நிலை சரியானதே. அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆனால் உன் சார்பில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, என் பயத்தின் சார்பில் எழுதியிருக்கிறேன். வேண்டா என்ன சொல்கிறாளோ அப்படிச் செய். தமிழ்ச்செல்வியிடம் சொல்வதானால், அன்றே நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்திட்டு, நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்.

கடிதத்தைக் கிழிக்காதது நல்லது. இதையும் வைத்துக்கொள்.

ஜெபசிங்

*

புதுப்பட்டினம்,
24 ஜூன் 2025

ரூத்துக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தொலைபேசியில் அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறாய். உன் குரல் எனக்கும் கேட்டது.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு வழக்குக்காகச் செங்கல்பட்டு வந்தேன். உன் விடுதி வாசல் வரை வந்து, திரும்பிவிட்டேன்.

டாக்டர் காசிநாதன் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். நான்தான் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜெபசிங்

*

செங்கல்பட்டு,
2 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். நீங்கள் வாசல் வரை வந்ததைக் காவலாளி அன்றே சொன்னார். வக்கீல் கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார் என்று. நான் அப்போது அறையில்தான் இருந்தேன். எனக்கும் இறங்கி வரத் தோன்றவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரம் யோசித்துவிட்டு வேண்டா, "சொல்லு சிஸ்டர். ஆனா நான் பக்கத்துல இருக்கும்போது சொல்லு. முதுகுக்குப் பின்னாடி வாணாம்" என்றாள். தாய்மார் அறைக்குப் போனோம். எல்லம்மாளும் அங்கே இருந்தார். நான் சொல்லி முடித்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உனுக்கு எந்த ஊரும்மா?" புதுப்பட்டினம் என்றேன். "புதுப்பட்டினத்துல எங்க?" என்றார். காலனி என்றேன். அப்புறம் வேண்டாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

அதுவரை படுத்திருந்த தமிழ்ச்செல்வி எழுந்து உட்கார்ந்தாள். "குடிச்சிட்டான் அத்த. இப்ப இன்னா பண்ணலாம்ன்றீங்க, கக்கச் சொல்லட்டா?" என்றாள். எல்லம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தமிழ்ச்செல்வி வேண்டாவிடம், "உன் பொண்ணு அன்னிக்கு பட்டினியா?" என்று கேட்டாள். "பவுடர் பாலு" என்றாள் வேண்டா.

அன்றே எழுதிக் கொடுத்தேன். நகலில் முத்திரை இருக்கிறது. மறுநாள் தமிழ்ச்செல்வியின் கணவர் மணி வந்து புகார் கொடுத்தார். அதில் உங்கள் கணிப்புப்படி என் பெயர் மட்டும்தான். இரண்டு குழந்தைகளும் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்னைப் புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுவதும் சீட்டு எழுதுகிறேன். பரிந்துரை கிடையாது என்று ராகவன் சார் வாயால் சொன்னார். எழுத்தில் கேட்டேன், தரவில்லை.

மதுராந்தகம் பக்கம் ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஏன் விலகுகிறாய் என்று கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று உங்களிடம் இந்த முறை கேட்கவில்லை.

ரூத்

*

மதுராந்தகம்,
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முகவரியைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். நான் சுகம், இங்கே சாம்பாரும் பரவாயில்லை.

நேர்முகத்தில் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். "இங்கே அப்படி ஒன்று நடந்தால்?" என்றார் தலைமை டாக்டர். "டாக்டரிடம் சொன்ன கையோடு, அந்தப் பால் யாருடையதோ அவரிடம் சொல்வேன்" என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேறு யாரையாவது எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஆணை வந்தது. ஓராண்டு ஒப்பந்தம். படிப்புக்கு அடுத்த ஆண்டு இவர்களிடம்தான் பரிந்துரை கேட்க வேண்டும். தருவார்களா என்று தெரியாது.

இங்கேயும் வீட்டுக் கிண்ணங்கள்தான் வருகின்றன. முதல் நாளே ஒவ்வொன்றின் அடியிலும் தாயின் எண்ணை அழியாத மையில் எழுதினேன். அதைப் பார்த்த பொறுப்பாளர், "அதான் பேர் வெட்டியிருக்கே?" என்றார். "அது குட்த்தவங்க பேரு சிஸ்டர்" என்றேன். அவர் மறுபடி ஒரு முறை கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, எழுது என்றார்.

பழைய விடுதியில் என் டம்ளரை விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டிலிருந்து ஏதாவது ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

ரூத்

*

புதுப்பட்டினம்,
21 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை ரூத்துக்கு,

இங்கே யாவரும் நலம். அப்பா முழங்கால் பட்டையைப் போட ஒப்புக்கொண்டுவிட்டார். உன் வேலையைப் பற்றி அம்மா தெரு முழுவதும் சொல்லியாயிற்று. இந்த முறை ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

ஒப்பந்தத்தின் நகலை அனுப்பு. வேலை நேரம் பற்றிய பகுதியை நான் பார்க்க வேண்டும்.

டம்ளர் கேட்டிருந்தாய். வீட்டில் இருப்பவற்றில் ஒன்றைக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கடைவீதியில் புதிதாக ஒன்று வாங்கினேன். பெயர் வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர், "யார் குடுக்குறதுன்னு போடணும் சார், உங்க பேர சொல்லுங்க" என்றார். கொடுப்பவர் பெயர் வேண்டாம், அதில் குடிக்கப்போகிறவளின் பெயர் போதும் என்றேன். "அப்புறம் யார் குட்த்தாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். வாசலில் நிற்க மாட்டேன்.

உன் அண்ணன்,
ஜெபசிங்